குட்டையை நகர்த்தியது யார்?

ரோலருக்கு வந்த முதல் குறிப்பாணையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "மைதானத்தின் வலதுபுறம் இருந்த குட்டையை இடதுபுறத்துக்கு ஏன் நகர்த்தினீர்கள்? மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்."

அவர் அதை நான்கு தடவை படித்தார். வேறு யாருக்கோ வரவேண்டியது தப்பி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தார். அவர் பெயர்தான். பதவி, மைதானப் பணியாளர். இருபத்தாறு வருடமாக இரும்பு உருளையை இழுத்து ஆடுகளத்தைச் சமன் செய்து வருவதால் ஊரில் எல்லோருக்கும் அவர் ரோலர். மனைவி கோபமாக இருக்கும்போது வீட்டிலும் அதே பெயர்தான்.

"ஏம்மா, நான் எப்பவாவது குட்டையை நகர்த்தினேனா?" என்று மனைவியைக் கேட்டார்.

மனைவி தையல்காரி. மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள். "பீரோவைக் கொஞ்சம் தள்ளி வைங்கன்னு எட்டு மாசமா கேக்கறேன். அதையே நகர்த்தல. குட்டையை எங்க நகர்த்தப் போறீங்க?"

இதையே விளக்கமாக எழுதிக் கொடுத்திருந்தால் விவகாரம் அன்றே முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ரோலர் மரியாதை தெரிந்தவர். "ஐயா, குட்டையை நான் நகர்த்தவில்லை. என்னிடம் அவ்வளவு பெரிய வாளி இல்லை" என்று எழுதினார். எழுதியது தப்பாகப் போயிற்று. வாளி இருந்தால் நகர்த்தியிருப்பாரா என்று இரண்டாவது குறிப்பாணை வந்தது.

இதெல்லாம் ஒரு கழுதையால் வந்த வினை. நூற்றிரண்டு வருடங்களுக்கு முன்னால் இந்த மைதானத்தில் உள்ளூர் அணிக்கும், நாட்டை அப்போது ஆண்டுகொண்டிருந்தவர்களின் அணிக்கும் ஒரு ஆட்டம் நடந்தது. கடைசிப் பந்தில் ஆள வந்தவர்களுக்கு இரண்டு ரன் தேவை. அடித்த பந்து பவுண்டரியை நோக்கிப் பாய்ந்தது. பெவிலியன் படிக்கட்டுக்கு முன்னால் நின்றிருந்த கழுதையின் வயிற்றில் பட்டு அங்கேயே விழுந்தது. கழுதை அசையவில்லை. ஓடிக்கொண்டிருந்த பேட்ஸ்மேன்கள் இந்த அதிசயத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்க, அதற்குள் ஒருவர் ரன் அவுட். உள்ளூர் அணி ஒரு ரன்னில் ஜெயித்தது.

அந்தக் கணத்தை, எதிர்ப்பக்கத்து ஸ்கோர் போர்டின் கூரைமேல் ஏறி நின்று ஒருவர் படம் பிடித்திருக்கிறார். பெரிய கண்ணாடித் தகட்டில் பதிந்த படம். பின்னால் விளக்கு வைத்தால் எல்லாம் துல்லியமாகத் தெரியும். போன வருடம் கிளப்பின் பழைய அலமாரி ஒன்றை உடைத்தபோது அது கிடைத்தது. கிடைத்த பதினைந்தாம் நாள், மரபு மைதானங்கள் மற்றும் இயற்கைச் சூழல் மீட்பு ஆணையம் என்று ஒன்று பிறந்துவிட்டது. அதற்கு ஒரு இயக்குநர், நான்கு பிரிவுகள், பதினோரு ரப்பர் முத்திரைகள்.

இயக்குநர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவே, ஸ்கோர் போர்டின் கூரையில் தன் கையாலேயே அந்தக் கண்ணாடியை மரச்சட்டத்துக்குள் இறக்கினார். சட்டத்தின் மேல் மூன்று முத்திரைகள் குத்தினார். "இனி இந்த மைதானம் எப்படி இருக்கணும்னு நாம யோசிக்க வேண்டியதில்ல. படம் யோசிச்சுடுச்சு" என்று முழங்கினார். கண்ணாடிக்கு எந்தப் பக்கம் முன்பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் ஆணையத்தில் கிடையாது.

அதன் பிறகுதான் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு மைதானத்தைப் பார்த்தார்கள். பிறகு ரோலரைப் பார்த்தார்கள். இரண்டு குறிப்பாணைகள் போயின, அதன்பின் நேரில் விசாரணை.

"குட்டை படத்துல எந்தப் பக்கம்?" என்று இயக்குநர் கேட்டார்.

"வலது பக்கம் சார்," என்றார் ரோலர்.

"நேர்ல?"

"இடது பக்கம் சார்."

"அப்போ?"

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அது அங்கதான் சார் கெடக்கு. தவளைங்ககிட்ட வேணும்னா கேட்டுப் பாருங்க."

"விளையாடாதீங்க. சரி, படத்துல குட்டை இருக்கற எடத்துல, நேர்ல அது என்ன அவ்ளோ பெருசா?"

ரோலரின் முகம் மலர்ந்தது. "அது மரம் சார். தூங்குமூஞ்சி மரம்."

பவுண்டரிக்கு வெளியே வலது பக்கம் முழுவதையும் அந்த மரம்தான் பிடித்துக்கொண்டிருந்தது. எண்பது அடி உயரம். குடையாகப் படர்ந்த கிளைகள். சாயங்காலம் ஆனால் இலைகளை மூடிக்கொண்டு தூங்கிவிடும். அதற்குமேல் கொக்குகள்தான் அங்கே சத்தம் போடும். ரோலர் இருபத்தாறு வருடமாக மதியச் சாப்பாடு சாப்பிட்டது அதன் அடியில். அவர் மகள் நடை பழகியது அதன் வேர்களைப் பிடித்துக்கொண்டு. மனைவி வெயில் நாட்களில் மிஷினைத் தூக்கி வந்து தைப்பது அதன் நிழலில். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு மரம் இருந்ததென்றால் அதுதான். காகிதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

"இதை யாரைக் கேட்டு வளர்த்தீங்க?" என்றார் இயக்குநர்.

"அதுவா வளர்ந்தது சார்."

இயற்கைப் பிரிவு அதிகாரி என்று ஒரு இளைஞர் கூடவே இருந்தார். அவர் பச்சைப் பேனாவை எடுத்து நோட்டில் எழுதினார்: ஆக்கிரமிப்பு மரம், ஒன்று.

படத்தின் இடது பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கன்று தெரிந்தது. அதைச் சுற்றி நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கன்றின் பக்கத்தில் புல்தரையில் ஒரு மனிதர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். தேசமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்தக் கடைசிப் பந்தின்போது அவர் தூங்கியிருக்கிறார். தூரத்தில் இரட்டை முதுகுக் குன்று. படத்தில் பெரிய முதுகு வலது பக்கம். நேரில் இடது பக்கம்.

"குன்றும் திரும்பியிருக்கு சார்," என்று இயற்கை அதிகாரி மெதுவாகச் சொன்னார்.

இயக்குநர் குன்றைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். "அதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார்.

ஒரே வாரத்தில் மரபுப் பதிவேடு தயாராயிற்று. பொருள் ஒன்று பெவிலியன், இரண்டு ஆடுகளம், மூன்று குட்டை, நான்கு குன்று, ஐந்து மரக்கன்று, ஆறு கழுதை, ஏழு தூங்குபவர். பன்னிரண்டாம் விதி எல்லாவற்றுக்கும் பொது. பதிவேட்டில் உள்ள பொருளை அது கிடக்கும் இடத்திலிருந்து எவரும் அப்புறப்படுத்தக் கூடாது. அதைச் சுற்றி ஐம்பது அடிக்குள் வெட்டுதல், தோண்டுதல், இடித்தல் கூடாது. அதன் இயல்பு நிலையை எந்த வகையிலும் கலைக்கக் கூடாது. இயக்குநர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். நல்ல தெளிவான கையெழுத்து.

எட்டு வாரத்தில் மீட்பு விழா. மேலிடத்திலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர் வருவார். ஸ்கோர் போர்டில் ஏறிப் படத்தையும் மைதானத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆணையம் நிரந்தரம். இல்லாவிட்டால் கலைப்பு. ஆகவே வேலைகள் பறந்தன.

கழுதை முதலில் வந்தது. அதற்கு அடையாள எண் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. காலை பத்து மணிக்குப் படிக்கட்டுக்கு முன்னால் நிறுத்தினால் ஐந்து மணிவரை அசையாது நிற்கும். ஆணையத்தில் நேரத்துக்கு வந்து, நியமித்த வேலையை மட்டும் செய்து, யாரையும் தொந்தரவு செய்யாமல் போன ஒரே ஊழியர் அதுதான். வரவேற்புக் கூட்டத்தில் இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். அன்னைக்கு ஒரு கழுதை சும்மா நின்னதாலதான் இன்னைக்கு இந்த ஆணையம் இருக்கு. சும்மா நிக்கறதோட பெருமையை அது நமக்குக் கத்துக் கொடுத்திருக்கு. அந்த வழியிலதான் நாம எல்லாரும் நடந்துக்கிட்டிருக்கோம்."

பலத்த கைதட்டல். கழுதை மட்டும் தட்டவில்லை.

அடுத்தது தூங்குபவர் பதவி. தகுதி, ஏதேனும் ஒரு பட்டம். பணி நேரத்தில் தூங்கிய அனுபவம் குறைந்தது ஐந்து வருடம். நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் வந்தன. பாதிக்குமேல் ஆணையத்துக்குள்ளிருந்தே வந்தவை. சிலர் இருபது வருட அனுபவச் சான்றிதழோடு, மேலதிகாரியின் பரிந்துரையும் இணைத்திருந்தார்கள். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற அத்தனை பேரும் விழித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில், இயக்குநர் அந்தப் பதவியை ரோலருக்கே கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிட்டார். காலை முழுவதும் உருளை இழுக்க வேண்டும். மதியம் இரண்டு முதல் ஐந்து வரை தூங்க வேண்டும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே தூங்குவது? படத்தில் தூங்குபவர் கிடப்பது இடது பக்கம், மரக்கன்றுக்கு அருகில். நேரில் இடது பக்கம் குட்டை. ஆணையம் அதற்கெல்லாம் அசரவில்லை. நான்கு காலி டிரம்களைக் கட்டிக் குட்டை நடுவில் மிதக்கவிட்டார்கள். மேலே பலகை. பலகையில் ஒரு தொட்டி, தொட்டியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தூங்குமூஞ்சிக் கன்று. தொட்டிக்குப் பக்கத்தில் ரோலர், முகத்தில் துண்டோடு.

முதல் நாள் அவர் கண்ணை மூடினார். கீழே தவளைகள் கச்சேரியை ஆரம்பித்தன. டிரம் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. கரையிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் மெகாஃபோனில் கத்தினார். "தூங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"அறிக்கையில எழுதணும். குறட்டை உண்டா, இல்லையா?"

"வந்ததும் சொல்றேன் சார்."

இப்படியே ஆறு வாரம். ஒரு நாள்கூட அவர் தூங்கவில்லை. அதிகாரபூர்வமாகத் தூங்கச் சொன்னால் யாருக்கு வரும்? மதியம் தூங்கியதாகக் கணக்காகிவிட்டதால், காலையில் அதிக நேரம் உருளை இழுக்கவும் சொன்னார்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. நடக்கும்போது தரை ஆடுவதுபோல் இருந்தது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால்கூட டிரம் சுற்றுவதாகப் பட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலையை விட்டுடுங்க," என்றாள் மனைவி.

"விட்டா மரத்தை யாரு பார்த்துக்கறது?"

அவள் மிஷினை நிறுத்தினாள். ஏனென்றால் அன்று காலைதான் மரத்தின் அடியில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விழா நாளில், விருந்தினர் வருவதற்குமுன், மரத்தை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் குட்டை தோண்ட வேண்டும். உத்தரவின் எண், தேதி, நேரம் எல்லாம் பக்காவாக இருந்தது. மதியம் இரண்டு மணி.

ரோலர் மரத்தடியில் போய் நின்று அந்தக் குறியைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. அவருக்கு அழுகை வந்தது. ஒரு வளர்ந்த மனிதர், உள்ளங்கையெல்லாம் காய்த்துப்போன மனிதர், மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். இதை நான் கேலி செய்யப் போவதில்லை.

விழாவுக்கு அந்தப் பழைய ஆட்டத்தை அப்படியே நடத்திக் காட்டுவதாக ஏற்பாடு. ஆட்டக்காரர்களுக்குச் சட்டை தைக்கும் வேலை ரோலரின் மனைவிக்கு வந்தது. படத்தில் உள்ளபடி பதின்மூன்று சட்டை. உள்ளூர் அணிக்குப் பதினொன்று, களத்தில் நிற்கும் பேட்ஸ்மேன்களுக்கு இரண்டு. அளவெடுக்க அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஸ்கோர் போர்டில் ஏறினாள். படத்துக்கு மூக்கை ஒட்டி வைத்துப் பத்து நிமிடம் பார்த்தாள். பிறகு நேராக இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"சார், படத்துல எல்லாருக்கும் பாக்கெட் வலது மார்ல இருக்கு."

"அப்படியே தைங்க."

"பட்டனும் பொம்பளைங்க சட்டை மாதிரி எடம் மாறியிருக்கு. ஒருத்தருக்கு, ரெண்டு பேருக்குன்னா தையல்காரன் தப்புன்னு விட்டுடலாம். பதிமூணு பேருக்குமா? பந்து போடறவர், பேட் பிடிக்கறவர், எல்லாரும் இடது கை. சார், கண்ணாடியைத் திருப்பி மாட்டியிருக்கீங்க. அவ்வளவுதான். திருப்பி வெச்சா குட்டை, குன்று, மரம் எல்லாம் தன் எடத்துக்கு வந்துடும்."

இயற்கை அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"அம்மா," என்று இயக்குநர் பொறுமையாக ஆரம்பித்தார். "அந்தப் படத்துல மூணு முத்திரை இருக்கு. மைதானத்துல ஒரு முத்திரையாவது இருக்கா?"

"இல்ல சார்."

"குன்றுல?"

"இல்ல சார்."

"அப்போ எது சரியா இருக்கும்? நீங்களே சொல்லுங்க. நான் மாட்டின படம் தப்புன்னா நான் தப்பு. நான் தப்புன்னா ஆணையம் தப்பு. ஆணையம் தப்புன்னா இவ்வளவு பேரும் இத்தனை மாசம் என்ன செஞ்சாங்கன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி வராம பார்த்துக்கத்தான் ஆணையமே."

ஆனாலும் அவள் சொன்னது வீண் போகவில்லை. அன்று மாலையே சுற்றறிக்கை ஒன்று புறப்பட்டது. வரலாற்று ஆட்டத்தில் ஆடிய அனைவரும் இடதுகை ஆட்டக்காரர்கள் என்ற அரிய உண்மையை ஆணையம் கண்டுபிடித்திருப்பதாகவும், இனி இந்த மைதானத்தில் இடது கையால் மட்டுமே ஆட வேண்டும் என்றும், அந்த வீரர்களுக்கு மரியாதையாக ஊழியர்கள் இடது கையாலேயே கையெழுத்திட வேண்டும் என்றும் அதில் இருந்தது. மறுநாளிலிருந்து ஆணையத்தின் கோப்புகளில் யார் எதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள் என்று எவருக்கும் தெரியாமல் போயிற்று. நிர்வாகம் முன்பைவிட வேகமாக நடந்ததாகச் சொல்கிறார்கள்.

விழா நாள் வந்தது. பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. ஒன்றரை மணிக்கே மரம் வெட்டுபவர் தன் ஆட்களோடும் மிஷின் ரம்பத்தோடும் வந்துவிட்டார். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்து, "நல்ல மரம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கொக்குகள் எழுந்து வட்டமடித்தன.

இரண்டு மணி அடித்தது. ரோலர் வழக்கம்போல் துண்டை எடுத்துக்கொண்டு தூங்கும் பணிக்குக் கிளம்பினார். குட்டையின் கரைவரை போனார். டிரம்மைப் பார்த்தார். திரும்பி, கூட்டத்துக்கு முன்னாலேயே மைதானத்தைக் குறுக்காகக் கடந்து வலது பக்கத்துக்கு நடந்தார். மரத்தடிக்கு வந்தார். சிவப்புக் குறிக்குக் கீழே வேர்களுக்கு நடுவில் மல்லாந்து படுத்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

இயக்குநர் ஓடி வந்தார். "யோவ் ரோலர்! உன் எடம் குட்டையிலய்யா!"

துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "சார், நான் பொருள் எண் ஏழு. டூட்டில இருக்கேன்."

அவ்வளவுதான் பேசினார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. ஆறு வாரத்துத் தூக்கம் மொத்தமாக வந்து அவரை அமுக்கியது. தரை ஆடவில்லை. தவளை கத்தவில்லை. முதுகுக்குக் கீழே பழகிய வேர். கூட்டம் முழுக்கக் கேட்கும்படி ஒரு குறட்டை எழுந்தது. மேற்பார்வையாளர் அறிக்கையை எடுத்து, ஆறு வாரத்தில் முதல்முறையாக, குறட்டை என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுதினார்.

"தூக்கி அந்தப் பக்கம் போடுங்க!" என்றார் இயக்குநர்.

இயற்கை அதிகாரி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். "சார், பன்னிரண்டாம் விதி. பதிவேட்டுப் பொருளை அது கெடக்கற எடத்துலேருந்து அப்புறப்படுத்தக் கூடாது."

"சரி, எழுப்புங்க. அவரே நடந்து போகட்டும்."

"தூங்குபவரோட இயல்பு நிலை தூக்கம் சார். அதைக் கலைக்கக் கூடாது."

"அவர் தூங்கட்டும்யா. மரத்தை வெட்டுங்க!"

"ஐம்பது அடிக்குள்ள வெட்டக் கூடாது சார்."

"எந்த மடையன் இப்படி விதி எழுதினான்?"

இயற்கை அதிகாரி பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நல்ல தெளிவான கையெழுத்து. அது வலது கையால் போட்டது.

ஐந்து மணிக்கு டூட்டி முடிந்து அவர் தானாக எழுந்துவிடுவார் என்று சிலர் நம்பினார்கள். ஆனால் விருந்தினர் நான்கு மணிக்கே வருகிறார். மணி மூன்றே கால். இடது பக்கம் குட்டையும் காலி டிரம்மும். வலது பக்கம் மரமும் குறட்டையும். படத்திலோ எல்லாம் நேர்மாறு. இயக்குநர் ஒரு நாற்காலியில் சரிந்தார். அவருடைய பதினோரு முத்திரைகளும் ஒவ்வொன்றாக அவர் கண்முன்னே வந்துவிட்டுப் போயின போலும்.

அப்போது ரோலரின் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அந்த மூணு முத்திரையும் எதுல குத்தினீங்க? சட்டத்துலயா, கண்ணாடியிலயா?"

"சட்டத்துல."

"அப்போ சட்டம் அப்படியே இருக்கட்டும். முத்திரையை யாரும் தொட வேண்டாம். உள்ள இருக்கற கண்ணாடியை மட்டும் ஒரு புரட்டுப் புரட்டி வெச்சா?"

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ முத்திரை தப்பாகாது?"

"ஆகாது சார்."

"நானும் தப்பாக மாட்டேன்?"

"மாட்டீங்க சார். நீங்க எப்பவும் இப்படியேதான் இருப்பீங்க."

வெள்ளைக் கையுறைகளைத் தேட நேரமில்லை. இயக்குநர் வெறும் கையோடு ஸ்கோர் போர்டில் ஏறினார். கண்ணாடியை உருவினார், புரட்டினார், செருகினார். எட்டு வினாடி. குட்டை இடது பக்கம் போயிற்று. கன்றும் தூங்குபவரும் வலது பக்கம் வந்தார்கள். குன்றின் பெரிய முதுகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கழுதை நடுவில் இருந்ததால் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஐயோ, சட்டை!" என்று இயற்கை அதிகாரி அலறினார். "இப்ப பாக்கெட் இடது பக்கம் வரணுமே!"

"அப்படித்தான் தைச்சிருக்கேன்," என்றாள் அவள். "ஆம்பளைச் சட்டையை ஆம்பளைச் சட்டை மாதிரிதானே தைக்க முடியும்?"

நான்கு மணிக்கு விருந்தினர் வந்தார். படத்தைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"மதிப்புக்குரிய விருந்தினர் அவர்களே! ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நாங்க முதல் தடவையா ஒப்பிட்டுப் பார்த்தப்போ குட்டை தப்பான பக்கம் இருந்தது. இன்னைக்கு அது சரியான பக்கத்துல இருக்கு. அதுல ஒரு தவளைகூட காயப்படல. ஒரு குன்றையே திருப்பி வெச்சிருக்கோம். அடுத்த வருஷம் செய்யறதா இருந்த வேலை, இந்த வருஷமே முடிஞ்சிடுச்சு. ஆணையம் ஒரு எடத்துலயும் எதையும் தொட்ட அடையாளமே உங்களுக்குத் தெரியாது. அதுதான் எங்க திறமை!"

விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். ஆணையம் நிரந்தரமாயிற்று. இத்தனை நாள் இடது கையில் பழகியிருந்த ஆட்டக்காரர்கள் திடீரென்று வலது கைக்கு மாறியதில் எவருக்கும் பந்து பேட்டில் படவில்லை. கழுதைமீது படவேண்டிய பந்தை இயற்கை அதிகாரியே கொண்டுபோய்க் கழுதையின் வயிற்றில் வைத்துவிட்டு வந்தார். கழுதை அசையவில்லை. உள்ளூர் அணி ஜெயித்தது. மரம் வெட்டுபவர் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, குறட்டையைத் தாண்டி, பூனைபோல நடந்து வெளியே போனார்.

ரோலர் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் எழுந்தார். அவர்மேல் மனைவி ஒரு போர்வை போர்த்தியிருந்தாள். அண்ணாந்து பார்த்தார். மரம் இருந்தது. இலைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்துக்கொண்டிருந்தன. அவருக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது, தனியாகவே சிரித்தார்.

நான்காம் நாள் ஒரு உறை வந்தது. குறிப்பாணை. "வரலாற்றுப் படத்தில் உள்ள மரக்கன்றின் உயரம் மூன்று அடி. அதே இடத்தில் தற்போது உள்ள மரத்தின் உயரம் எண்பது அடி. அதன் அருகில் பணியில் இருந்த தாங்கள், எழுபத்தேழு அடி அனுமதியின்றி வளர்வதைத் தடுக்காமல் இருந்தது ஏன்? விளக்கம் திருப்தியாக இல்லாவிடில், கூடுதல் உயரம் வெட்டி அகற்றப்படும்."

ரோலர் அதை ஒரே ஒரு தடவை படித்தார். முன்புபோல் உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை, மனைவியைக் கேட்கவும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்து, ஒரே வரியில் பதில் எழுதினார்.

"ஐயா, மரம் வளர்ந்த நேரத்தில் நான் பணியில் தூங்கிக்கொண்டிருந்தேன்."

அந்தப் பதில் மேசை மேசையாகப் போயிற்று. எல்லோரும் படித்தார்கள். யாராலும் அதில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. ஏனென்றால் எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் மனத்துக்குள் வைத்திருந்த பதில் அதுதான். பத்தாம் நாள் ஆணை வந்தது. "விளக்கம் ஏற்கப்பட்டது. தூங்குபவரின் கடமை உணர்வு பாராட்டப்படுகிறது. எண்பது அடி உயரத்தோடு மரம் பொருள் எண் ஐந்தாகப் பதிவு செய்யப்படுகிறது. இனி அது வளரக் கூடாது. இந்த ஆணையைச் சம்பந்தப்பட்ட மரத்திடம் நேரில் படித்துக் காட்டி, ஒப்புகைச் சீட்டில் அதன் கையொப்பம் பெற்று அனுப்பவும்."

ரோலர் சாயங்காலம் மரத்தடியில் நின்று ஆணையை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்தார். மணி ஆறரை ஆகிவிட்டதால் மரம் ஏற்கனவே இலைகளை மூடிக்கொண்டு தூங்கிவிட்டிருந்தது. அவர் கீழே உதிர்ந்து கிடந்த ஒரு புதுத் தளிரைப் பொறுக்கி, ஒப்புகைச் சீட்டில் கையொப்பம் என்று போட்டிருந்த இடத்தில் பசை தடவி ஒட்டினார். பிறகு வீட்டுக்குப் போய், பத்து மாதமாக மனைவி சொல்லிக்கொண்டிருந்த பீரோவை நகர்த்தி வைத்தார்.